நாலு நாள் விருந்தாளி

தையலக்கா என்றால் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கிழிந்த விரிப்புகளைத் தைப்பவள். கணவர் இறந்த பிறகு, பாதி வாடகையை அரசாங்கமே கட்டுகிற ஒற்றையறை வீடு ஒன்று அவளுக்குக் கிடைத்தது. அதற்காக அவள் நாயாய் அலைந்தது தனிக்கதை.

ஒரு மழைநாளில் தங்கை ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாள். "நாலு நாள் இருந்துட்டுப் போறேன்க்கா." புருஷனோடு ஏதோ மனஸ்தாபம், தானாகச் சரியாகிவிடும் என்று அக்கா முடிவு கட்டிக்கொண்டாள். தங்கை சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். உப்பை மட்டும் அள்ளிக் கொட்டுவாள்.

குடியிருப்பின் மேற்பார்வையாளருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "யாரும்மா இது?"

"என் தங்கச்சிங்க. வந்து நாலு நாள்தான் ஆகுது."

அடுத்த முறையும் அதே கேள்வி, அதே பதில். வெயில் காலத்தில் வந்து கேட்டபோதும் நாலு நாள்தான். நம்மில் யார் விரல் விட்டு எண்ணியா நாலு நாள் என்கிறோம்? அந்த மகராசன் எண்ணினார். ஒவ்வொரு முறையும் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு போனார்.

பிறகு கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். குடியிருப்போர் பட்டியலில் பெயரில்லாத ஆள் தங்கியிருப்பதால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் அதைப் படித்துப் பார்த்தார். "எடுத்த எடுப்புல வெளிய அனுப்பிட முடியாதுக்கா. தப்பைச் சரிபண்ண அவகாசம் குடுத்திருக்காங்க. நேர்ல வந்து பேசலாம்னும் போட்டிருக்கு. ரெண்டு பேருமா போங்க."

குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரியம்மா கோப்பைப் புரட்டினார். "எப்பக் கேட்டாலும் நாலு நாள்னே சொல்லியிருக்கீங்க. எங்களைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"அது பேச்சுக்குச் சொல்றதுங்க மேடம்."

"என் மாமியாரும் அப்படித்தான் வந்தாங்க" என்று அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஒண்ணு, இவங்க போயிடணும். இல்லன்னா பட்டியல்ல சேர்த்துக்கலாம். ஆனா நிரந்தரமா இருக்கப்போறேன்னு இவங்களே சொல்லணும்."

போய்விட்டால் வம்பில்லை என்று அக்காவுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. பாவம், பயம் வந்தால் மனசு அப்படித்தான் போகும்.

தங்கை தரையைப் பார்த்தபடி சொன்னாள். "சேர்த்துக்கோங்க மேடம். திரும்பிப் போனா அவர் என்னைக் கொன்னுடுவாரு."

அதிகாரி தங்கையின் பெயரை எழுதினார், கையெழுத்துக்கு இடம் காட்டினார், நோட்டீஸ் ரத்தாகிவிடும், வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றார். அக்காவின் காதில் எதுவும் விழவில்லை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று அழுதாள்.

"உனக்கு வம்பு வந்தா போயிடலாம்னு இருந்தேன். சொன்னா நீ என்னைப் போகவே விட்டிருக்க மாட்டே. அப்புறம் உன் வீடு போயிருக்கும்க்கா."