அகர்தலாவுக்கு நகத்தளவு தூரம்

தொண்ணூறுகளின் நடுவில் ஆஸ்டின் டவுனில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே மெஷின்களை ரிப்பேர் செய்யும் வேலை. அந்த முறை சில்சார் போனார். அங்கே முடித்துவிட்டு விமானத்தில் அகர்தலா. இரண்டுமே நாட்டின் அந்தக் கோடியில் இருக்கிற ஊர்கள். எங்களுக்கென்று போன் கிடையாது. கீழே டெய்லர் கடைக்குத்தான் பேசுவார். "ஞாயித்துக்கெழம காலைல பிளேன் ஏர்றேன், எறங்கினதும் போன் பண்றேன்" என்றிருந்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். சும்மா இருப்பேனா? அட்லஸைப் பிரித்து, இரண்டு ஊருக்கும் நடுவே தையல் நூலைப் பிடித்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. கணக்குப் போட்டால், நம்ம ஊரிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரத்தில் சேலம் போகிற தூரம். பிளேனில் கொடுக்கிற மிட்டாய் வாயில் கரைவதற்குள் இறங்கிவிடலாம்.

ஊருக்குப் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது. இது மாமியாரின் சட்டம். ஞாயிறன்று வீடெல்லாம் குப்பை, என் தலையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

"அத்தே, உங்க புள்ள இந்நேரம் எறங்கியிருப்பாரு" என்று நூலைக் காட்டினேன்.

"போன் வந்துச்சா?"

"கணக்கு வந்துச்சே!"

பரபரவென்று பெருக்கித் தள்ளினேன். தலைக்கும் ஊற்றிக்கொண்டேன்.

மத்தியானம் ஆயிற்று, போன் இல்லை. ரேடியோவில் அந்தப் பக்கம் கனமழை என்றார்கள். மாமியார் சோற்றைத் தொடாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மூடநம்பிக்கை பற்றி வகுப்பில் வாய் கிழியப் பேசுகிறவள், ஈரத் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, டெய்லர் கடைப் போனில் ரிசீவர் ஒழுங்காக இருக்கிறதா என்று இறங்கி இறங்கிப் பார்த்தேன். பாவி மனுஷன், பத்திரமாக இருந்தால் போதும் என்றிருந்தது.

சாயங்காலம் டெய்லர் கத்தினார். "அக்கா! போன்! சாரு!"

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். "எங்கருக்கீங்க?"

"கல்கத்தால."

"கல்கத்தாவா! அங்க எதுக்குப் போனீங்க?"

"இன்னாம்மா கத்துற? சில்சார்லருந்து நேரா பிளேன் இல்ல. கல்கத்தா வந்துதான் மாறணும். மழைல லேட்டாயி, இப்பதான் எறங்கினேன். ஒரே பேஜாரு. அகர்தலாவுக்கு நாளைக்குத்தான் பிளேனாம்."

அப்பாடா! டெய்லர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் அழுதேன், சிரித்தேன். நகத்தளவு தூரத்துக்கு ஒரு விரல் நீளம் சுற்றிப் போக வேண்டுமென்று எந்த அட்லஸ் சொல்லும்?

மேலே வந்து, "நல்லாருக்காரு அத்தே, கல்கத்தாவுல" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ இன்னும் போய்ச் சேரலையா?" என்று கேட்டார்.

"நாளைக்குத்தான்."

அவர் பார்வை கதவோரம் இருந்த விளக்குமாற்றின் மேல் போயிற்று. அவர் வாயைத் திறப்பதற்குள் நானே அதை எடுத்து, பரண்மேல் கைக்கு எட்டாத மூலைக்குத் தள்ளிவிட்டேன்.