பாம்புக்கு விளக்கு, புழுவுக்கு மருந்து

இந்த ஊரில் ஒரு ஆளைப் பாம்பு என்று சொன்னால் அவன் சண்டைக்கு வரமாட்டான். சிரிப்பான். இல்லையென்றால் சிரிக்கிற நிலையில் இருக்கமாட்டான். கம்பத்திலிருந்து மலைமேல் கேரளத்து ஆனைக்கரைக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், ரோட்டோரத்து வீட்டு மலையாளத்துப் பெண் வேலிக்கு மேலே எட்டி, “இன்னு சேட்டன் பாம்பா” என்று தன் புருஷனைப் பற்றிச் சொன்னாள். எனக்குப் பாம்பு மட்டும்தான் காதில் விழுந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரையைத் தேடினேன். அவள் கை காட்டிய பக்கம் வாழைக்கு அடியில் அவள் புருஷன் நெளிந்துகொண்டு கிடந்தான். கால் நிற்காத அளவுக்குக் குடித்துவிட்டு ஊர்ந்து வருகிறவனுக்கு இங்கே பாம்பு என்று பெயர். செல்லப்பெயர் மாதிரி. கம்பத்தில் எங்கள் தெருவில் ஒருத்தரைப் பாம்பு என்று சொல்லிவிட்டு நீங்கள் முழுசாக வீடு திரும்ப முடியாது. அது கூட இருந்தே குழி பறித்தவனுக்கு வைத்த பெயர். குடிகாரனை நாங்கள் குடிகாரன் என்றுதான் சொல்வோம். அதற்கு ஒரு பிராணியின் மானத்தை வாங்கமாட்டோம்.

நிஜப் பாம்புக்கு வருவோம். படமெடுத்து ஆடுகிறதே, அதைக் கீழே நாம் நல்ல பாம்பு என்கிறோம். மேலே இவர்கள் மூர்க்கன் என்கிறார்கள். நல்லது என்று பெயர் வைத்துவிட்டுக் கண்ட இடத்தில் கம்பெடுப்பது நம் வழக்கம். மூர்க்கன் என்று பெயர் வைத்துவிட்டு விளக்கேற்றுவது இவர்கள் வழக்கம். இரண்டு பேருக்குமே வாய் ஒரு பக்கம் போகிறது, கை ஒரு பக்கம் போகிறது. போதாததற்கு, சாயங்காலம் விளக்கு வைத்தபிறகு கம்பத்தில் யாரும் பாம்பு என்ற சொல்லையே வாயில் எடுக்கமாட்டார்கள். சொன்னால் வந்துவிடுமாம். பூச்சி என்றுதான் சொல்வார்கள். ஆறடி நீளத்துக்குப் பூச்சி என்று பேர் வைக்க நம்மைப்போல் பயந்தவர்களால்தான் முடியும். அதே பூச்சியைப் புழுவோடு சேர்த்துவிட்டால் அது பெண்களின் வயிற்றுக்குள் போய்விடும். கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டியவளிடம், “புழு பூச்சி ஏதும் உண்டாயிருக்கா?” என்பார்கள். பிள்ளை உண்டாகியிருக்கிறதா என்று கேட்கிறார்களாம். என் மகள் கௌசல்யாவைப் போடியில் கட்டிக்கொடுத்தேன். ஆறு வருஷம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு அங்கே இருந்தாள்.

பழி மட்டும் மலையேறி என்மேல் வந்து விழுந்தது. அதற்குக் காரணத்தை நானே கொடுத்திருந்தேன். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஏலத்தோட்டத்தில் களை எடுக்கும்போது என் கைக்கு ஒரு முழம் தள்ளி ஒன்று படமெடுத்தது. கத்தி கையில் இருந்தது. வெட்டிவிட்டேன். யோசிக்க நேரமில்லை, யோசித்திருந்தாலும் வெட்டியிருப்பேன். முதலாளி பரிகாரப் பூசை போட்டார். என்னை மூன்று நாள் தோட்டத்துக்குள் வரக்கூடாது என்றார். அந்தச் செய்தி எப்படியோ போடிவரை இறங்கிப் போய்விட்டது. “ஒங்கம்மா மலையாளத்துல போயி பூச்சிய வெட்டுனவதான, ஒனக்கு எங்கிட்டுப் புழு பூச்சி உண்டாகும்?” என்று அவள் மாமியார் நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறாள். ஏழாவது வருஷம் என் பேத்தி பிறந்தாள். கௌசல்யா குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்தாள். தாய்வீடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முதலாளி தோட்டத்தில் கூலியாட்களுக்குக் கட்டிய லயத்தில் ஓர் அறை, ஒட்டினாற்போல் ஓர் அடுப்படி, உத்தரத்தில் கட்டிய ஒரு சேலைத் தொட்டில்.

லயத்துக்குப் பின்னால் முதலாளியின் காவு இருக்கிறது, நாகங்களுக்கு விட்ட சிறு தோப்பு. மரத்தடியில் மூன்று நாகக் கல். அவருடைய அப்பா காடு வெட்டிக் குடியேறக் கோட்டயம் பக்கத்திலிருந்து வந்தபோது, குடும்பத்துக் காவிலிருந்து அந்தக் கற்களையும் கூடவே கொண்டுவந்தார். ஆயில்யம் நட்சத்திரத்தன்று அரிசி மாவும் மஞ்சளும் பாலும் படைப்பார்கள். அங்கே நாங்கள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. காவைச் சுற்றிப் பத்தடிக்கு மருந்தும் அடிக்கக்கூடாது. மற்ற இடமெல்லாம் தாராளமாக அடிக்கலாம். மருந்து என்றால் விஷம். அதற்கு மருந்து என்று பெயர் வைத்த விஷயத்தில் மட்டும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் சண்டையே இல்லை. ஏலச்செடியின் தண்டைத் துளைக்கிற புழுவுக்கு மேலே அடிக்க வேண்டும், வேரைத் தின்கிற புழுவுக்குத் தூரில் ஊற்ற வேண்டும். புழுவுக்கு ஆயில்யம் கிடையாது. அதன் சாபம் யாரையும் தொட்டதாகவும் நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த வருஷம் மழை பிடிக்கும் முன் தூரில் மருந்து ஊற்றினோம். வேர்ப்புழு செத்ததோ என்னவோ, மண்புழுக்கள் எல்லாம் மேலே வந்து துடித்துச் செத்தன. பார்க்கச் சகிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். என் கண் எரிந்த எரிச்சலில் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அதே முதலாளி தன் வீட்டு முற்றத்து ரோஜாவுக்கு மண்புழு உரம் மூட்டை மூட்டையாக வாங்கி இறக்கினார். மூட்டைமேல் மண்ணிர என்று அழகாக அச்சடித்திருந்தது. மண்புழுவுக்கு மலையாளத்தில் அதுதான் பெயர். அச்சடித்த மூட்டையில் வந்தால் அது மண்ணிர, நம் காலடியில் கிடந்தால் வெறும் புழு. தினமும் காலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிவருகிற எங்கள் பெண்களைப் பார்த்தும் டீக்கடையில், “புழு அரிக்குந்ந போலெ” என்பார்கள். புழு நெளிகிற மாதிரி இருக்கிறதாம். அந்தப் புழுக்கள் வராத நாளில் இவர்கள் காய் செடியிலேயே பழுத்து உதிரும். அதை யாரும் டீக்கடையில் சொல்வதில்லை.

மருந்து ஊற்றிய தோட்டத்தில் தவளையும் இல்லை, எலியும் இல்லை. உயிரோடு மிஞ்சியதெல்லாம் மருந்து படாத காவைப் பார்த்து ஓடியது. காவுக்கு அடுத்து இருப்பது எங்கள் சுவர்.

பேத்திக்கு அன்று இருபத்திரண்டு நாள். காலை பத்து மணி இருக்கும். “யம்மா, அடுப்புக்குப் பின்னாடி பூச்சி போகுது” என்றாள் கௌசல்யா. கத்தவில்லை. பட்டப்பகலில் அவள் பூச்சி என்று சொன்னதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. வாலின் கடைசி ஒரு சாண் சுவர்ப் பொந்துக்குள் போவதை நானும் பார்த்தேன். தொட்டிலுக்கும் அந்தப் பொந்துக்கும் நாலே எட்டு. குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்து வெளியே தள்ளிவிட்டுக் கத்தியை எடுத்தேன். அவள் வாசலில் நின்றபடி சொன்னாள்: “வெட்டிராதம்மா. இனிமே இவளுக்குத் தும்மல் வந்தாக்கூட அதத்தான் சொல்வாக.” கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பாம்பின் சாபத்துக்குப் பயந்து அல்ல. போடிக்காரியின் வாய்க்குப் பயந்து.

என் வீட்டுக்காரர் ஆள் கூட்டிவர டீக்கடைக்கு ஓடினார். மூச்சு இரைக்க, வீட்டுக்குள் பாம்பு கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறார். “ஆரா, சேட்டன் தன்னெயோ?” என்று ஒருவர் கேட்டாராம். யாரு, நீயேதானா என்று அர்த்தம். கடையே சிரித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் என்னவாக இருப்பார் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் சிரிப்பை நான் குறை சொல்ல முடியாது. இவர் சத்தியம் செய்து புரியவைத்த பிறகும் ஒருத்தரும் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. அதைக் குறை சொல்வேன்.

நான் முதலாளி வீட்டுக்குப் போனேன். புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுசாகக் கேட்டுவிட்டு, “அது காவிலெ ஆளா, லெட்சுமி. பேடிக்கண்டா” என்றார். காவில் இருக்கிற ஆளாம், நான் பயப்படக்கூடாதாம். போன ஆயில்யத்துக்குப் படையல் சரியாக நடக்கவில்லை, அந்த வருத்தத்தில் வந்திருக்கிறது, வியாழக்கிழமை விளக்கு வைத்தால் தானே போய்விடும் என்றார். குழந்தை பிறந்த வீட்டுக்கு நாகத்தான் வருவது ஐசுவரியம் என்றும் சொன்னார். நான், “அப்ப வியாழக்கெழம வரைக்கும் ஒங்க பேரன் தொட்டிலயும் அங்கயே கட்டிருவமா மொதலாளி?” என்று கேட்டேன். அவர் கை புட்டிலேயே நின்றது. அவர் மனைவி உள்ளே போய்விட்டார். வனத்துறைக்குச் சொல்லப்போகிறேன் என்றதும்தான் அவருக்கு முகம் மாறியது. மழைக்கு முன் தோட்டத்தில் நாலு நிழல் மரத்தை யாரையும் கேட்காமல் வெட்டியிருந்தார். நாகத்தானைவிடப் பெரிய தெய்வம் இந்த மலையில் காக்கிச் சட்டை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனைப் போட்டுவிட்டேன்.

போனில் பேசியவர் நிறம் கேட்டார், நீளம் கேட்டார். அடிக்கக்கூடாது, அடித்தால் கேஸ் என்றார். வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது என்றேன். அவர், பாம்புக்குக் காயம் ஒன்றும் இல்லையே என்று கேட்டார்.

ஒரு மணி நேரத்தில் ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். மழைக்கோட்டு, கையில் கொக்கி, தோளில் கறுப்புப் பை. பாம்பு பிடிக்க வனத்துறையில் பயிற்சி எடுத்தவளாம். “ஆளெவிடெ?” என்றாள், ஆள் எங்கே என்று. நான் என் வீட்டுக்காரரைக் காட்டினேன். அவள் பாம்பைக் கேட்டிருக்கிறாள். குடித்த ஆள் பாம்பு, நிஜப் பாம்பு ஆள். இருபத்தாறு வருஷம் இருந்தும் இந்த ஊரில் எதைக் காட்டி எதைச் சொல்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவளைக் கேலி செய்ய மனசு வரவில்லை. அடுப்பை நகர்த்தி, சுவரில் கல்லைக் கல்லாகப் பெயர்த்தாள். உள்ளே அது சுருண்டு கிடந்தது. நிமிர்ந்து படமெடுத்தது. முழு நீளம் ஐந்தடிக்குக் குறையாது. அழுகிற குழந்தையிடம் பேசுவதுபோல ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டே அதைப் பைக்குள் இறக்கினாள். இந்த ஊரில் யாரும் எங்களிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

பிறகு திண்டில் உட்கார்ந்து போனில் விவரம் ஏற்றினாள். ஆண், நல்ல ஆரோக்கியம், காயமில்லை, பிடித்த இடம் இது. எங்கே கொண்டுபோய் விடுவாய் என்று கேட்டேன். பக்கத்துக் காட்டிலேயே என்றாள். இன்னும் தூரமாக விட்டால் என்ன, திரும்பி வராதே என்றேன். அவளுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. “ரொம்ப தூரத்துல விட்டாக்க பொழைக்காது சேச்சி. எடம் தெரியாம சுத்திச் சுத்தியே செத்துப்போகும்” என்றாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான், அவள் பெயர்த்துப் போட்ட கற்களைப் பார்த்தேன். காட்டில் விட்டதும் எனக்கு ஒரு வீடியோ அனுப்பு, என் மகள் நம்பமாட்டாள் என்று நம்பர் கொடுத்தேன்.

ஸ்கூட்டர் போனபிறகுதான் முதலாளி குடையோடு வந்தார். உடைந்த சுவரைப் பார்த்தார். நான் சுவரை இடித்தேனாம், காவில் இருந்ததைக் காக்கிக்காரர்களுக்குப் பிடித்துக்கொடுத்தேனாம், இனி இது சரிப்படாது, மாசக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார். அப்புறம் ஆறுதல் சொல்கிறமாதிரி, “நிங்ஙள்க்கு கீழெ ஒரு நாடுண்டல்லோ” என்றார். எங்களுக்குத்தான் கீழே ஒரு நாடு, அதாவது சொந்த ஊர், இருக்கிறதாம். எனக்கு வந்த கோபத்துக்கு, “ஒங்களுக்குந்தான் கோட்டயம் இருக்கு மொதலாளி. அந்தக் கல்லுக்கும் அதான் ஊரு” என்றேன். அவருடைய அப்பாவின் படம் ஊர் வாசகசாலையில் மாலையோடு தொங்குகிறது. கீழே குடியேற்றக்காரர் என்று எழுதியிருக்கிறது, பெருமையாக. எங்களை வரத்தர் என்பார்கள். இரண்டுக்கும் வேறு ஊரிலிருந்து வந்தவர் என்றுதான் அர்த்தம். ஒன்றுக்கு மாலை, ஒன்றுக்கு மாசக் கடைசி. அவர் குடையை மடக்கினார், மழை பெய்வது ஞாபகம் வந்து திரும்ப விரித்தார், போய்விட்டார். சொன்னபடி காலி செய்துவிட்டோம். இப்போது அதே ஆனைக்கரையில் ரோட்டோரம் ஒரு வாடகை அறை. தோட்டம் வேறு, மருந்து அதே மருந்து.

அன்றைக்கு உடைந்த சுவரோடு குழந்தையை அங்கே வைத்திருக்க முடியாது. மூன்று மாசம் முடியாமல் போடிக்கும் அனுப்ப முடியாது. தாய்வீட்டில் இடமில்லை என்று திரும்பி வந்தவளை அந்த மாமியார் என்ன பாடு படுத்துவாள் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் ஜீப் பிடித்துக் கம்பத்தில் என் தம்பி வீட்டுக்குக் கிளம்பினோம். கம்பமெட்டு செக்போஸ்ட்டில் எட்டிப் பார்த்த கேரளப் போலீஸ்காரர், நாட்டுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கம்பத்தில் இறங்கியதும் தம்பி வீட்டுப் பக்கத்துக்காரி, மலையாளத்துக்காரி வந்தாச்சு என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். அதற்கும் ஆமாம் என்றேன். எதிர்த்துப் பேசுகிற தெம்பையெல்லாம் மலையிலேயே செலவழித்துவிட்டிருந்தேன்.

தம்பி பெண்டாட்டி நல்ல மாதிரி. முகம் சுளிக்காமல் உத்தரத்தில் தொட்டில் கட்ட இடம் ஒதுக்கினாள். வாசலில் விளக்கு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். பாம்பு அடுப்புக்குப் பின்னால் போனது, பாம்பு படமெடுத்தது, பாம்பைப் பைக்குள் போட்டாள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். “வெளக்கு வச்ச நேரத்துல பேரச் சொல்லாதீங்க மதினி. பச்சப்புள்ள இருக்க வீடு. நீங்க அங்கனயே இருந்து எல்லாத்தயும் மறந்துட்டீக” என்றாள். என் துணிப்பை இன்னும் வாசல்படியோரம் அவிழ்க்காமல் கிடந்தது. அதை உள்ளே எடுத்து வைப்பதா, காலையில் முதல் ஜீப்புக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது போன் சத்தம் கொடுத்தது. ஸ்கூட்டர்காரி வீடியோ அனுப்பியிருந்தாள். பையின் வாய் திறக்கிறது. அது வெளியே வருகிறது, ஒரு நொடி தலையைத் தூக்குகிறது, திரும்பிப் பார்க்காமல் புதருக்குள் போகிறது. பின்னாலிருந்து அவள் குரல் சிரித்துக்கொண்டே சொல்கிறது: “ஆளு வீட்டிலெத்தி.”

“யாரு மதினி? யாரு வீட்டுக்கு வந்தாச்சாம்?” என்றாள் தம்பி பெண்டாட்டி.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“பூச்சி வீடு போயிச் சேந்துருச்சாம்” என்றேன்.