ரொட்டிக்குக் கத்திய மணி

போன மழையில் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் சரிந்த அடுத்த வாரம் அது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கோழிக்கூடுதான் போனது. வெயிலே இல்லாததால் நனைந்த கம்பளியை அடுப்புக்கு மேல் கொடியில் போட்டுவிட்டு, மாத்திரை வாங்கப் பூண்டுலோயா டவுனுக்குப் போனேன். மனைவி காய்ச்சலில் உள்ளே படுத்திருந்தாள். புகை வந்தால் கத்தும் மணி கூரையில் இருக்கிற தைரியம். கரண்ட் வேலை பார்க்கும் மருமகன் மாட்டியது. ரொட்டி சுட்டாலே கத்தும்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்கப் புகை. கம்பளி தணலில் விழுந்து, தீயே இல்லாமல் கனன்றுகொண்டிருந்தது. மணி வாய் திறக்கவில்லை. அவளை வாசலுக்கு இழுத்து வந்தேன். கம்பளியை வெளியே வீசித் தண்ணீர் ஊற்றினேன்.

"ரொட்டிக்குக் கத்துற சனியன், நான் சாகப்போறப்ப தூங்குது பாருங்க," என்று இருமினாள்.

மருமகன் வந்து பட்டனை அழுத்தினார். நன்றாகவே கத்தியது.

"பழுதில்லைங்க மாமா. இது குபீர்னு எரியிற நெருப்பு, ரொட்டி சுடுற சூடு, இதுல வர்ற பொடிப் புகையத்தான் சீக்கிரம் புடிக்கும். மெதுவா கனல்றப்ப வர்ற தடிச்ச புகைய, உள்ள வெளிச்சம் விட்டுப் பாக்குற மணி வேற இருக்கு. நான்தான் யோசிக்கல."

இப்போது உள்ளறையில் அந்த மணியும் இருக்கிறது. கம்பளி அடுப்புப் பக்கம் போவதில்லை. அடுப்புக்கு மேல் துணி காயப்போடும் வீடு தெரிந்தால், இதைப் போய்ச் சொல்லிவிடுங்கள்.