இளநீர் தண்ணீரில் சேராது

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்காது. மலாக்காவில், காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டுக்கு முன்னால் ஒரு கால்வாய் ஓடியது. ஓடியது என்று சொல்வதுகூடத் தப்பு, தேங்கிக் கிடந்தது. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. கொசு கடித்த இடத்தையெல்லாம் சொறிந்து சொறிந்து கால் முழுக்கச் சிரங்கு. மஞ்சள் அரைத்துப் பூசினேன். காய்ந்தது. நான் கவலை இல்லாமல் இருந்த நாட்கள் குறைவு. சிரங்கு காய்ந்த பிறகு வந்த அந்த இரண்டு வாரம் அதில் சேரும்.

பிறகு ஒரு காலையில் அவள் முகம் உப்பியிருந்தது. இமைகள் தடித்துக் கண் சின்னதாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண்மணி வேலியோரம் நின்று அவள் கன்னத்தைக் கிள்ளி, "சுடா கெமோக்!" என்று சிரித்தார். மலாக்காச் செட்டிகள் நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், வீட்டில் பேசுவது மலாய். பிள்ளை குண்டாகிவிட்டாளாம்.

"ஒரு மாதிரி இருக்காளேங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கிளேபாங் கடற்கரையில் லாரிக்கு மணல் அள்ளிப்போடும் வேலை அவருக்கு. சட்டையை மாட்டிக்கொண்டே, "உனக்கு எதைப் பாத்தாலும் பயம். மெலிஞ்சாலும் பயம், சதை போட்டாலும் பயம்" என்றார்.

சரி, இந்த முறை பயப்படக் கூடாது என்று முடிவு செய்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நம் பிள்ளையைக் குண்டு என்று யார் சொன்னார்கள் அதுவரை?

மூன்றாம் நாள் கக்கூசிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, வந்து பாரேன். நான் கோப்பி ஓ போறேன்!"

பால் ஊற்றாத காப்பி. அதே நிறம்தான். அவளுக்கு ஒரே சிரிப்பு. அன்று அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அவள் ஒன்றுக்கே போகவில்லை. மறுநாள் ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் வெள்ளைக்காரர். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் டிரசர் இருந்தார், நம் ஆள். ஊசி போடுவது, மருந்து கொடுப்பது, டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வது எல்லாம் அவர்தான். அவள் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி நெருப்பில் காட்டினார். மேலே வெள்ளை வெள்ளையாகத் திரண்டது.

"பாத்தியாம்மா? முட்டை வெள்ளைக்கரு வெந்த மாதிரி இருக்கா? இது மூத்திரத்துல வரவே கூடாது. கிட்னி ஒழுகுது."

"கிட்னின்னா என்னா சார்?"

"ஆட்டுக்கறி வாங்கறப்போ குண்டிக்காய் பாத்ததில்ல? அதுதான். மனுசனுக்கு அது வடிகட்டி. பிள்ளைக்குக் கால்ல சிரங்கு வந்திச்சா?"

"அது ஆறிப்போச்சு சார்."

"ஆறின பிறகுதான் இது வரும். இது சதை இல்லம்மா. அத்தனையும் நீர்."

அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்து, அப்படியே நின்றது.

படுக்கையை விட்டு இறங்கக் கூடாது. பென்சிலின் ஊசி. உப்பில்லாத கஞ்சி. பிறகு அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதில்தான் நான் விழுந்தேன். "தண்ணி ஒரு நாளைக்கு ஒன்றரை கப்பு. நாங்களே அளந்து குடுப்போம். நீ ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கக் கூடாது. உள்ள போறது வெளிய வரல, புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன்.

பிள்ளையோடு தாய் தங்க அப்போது விடமாட்டார்கள். மத்தியானம் ஒரு மணி நேரம் பார்க்கலாம். கட்டில் காலில் ஒரு அட்டை தொங்கும். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஜப்பான்காரன் வந்தான், பள்ளிக்கூடம் மூடியது, அதோடு என் படிப்பு முடிந்தது. இங்கிலீஷ் தெரியாது. எண் தெரியும். எத்தனை அவுன்ஸ் மூத்திரம் போனாள் என்று அதில் எழுதியிருக்கும். ஆறு. ஐந்து. ஐந்து.

"தண்ணி குடும்மா" என்பாள். "கூடாது கண்ணு" என்பேன். உதடு வெடித்திருந்தது. மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் முகம் துடைக்கக் கொண்டுவந்த ஈரத்துணியைப் பிடுங்கி வாயில் வைத்து உறிஞ்சினாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து வேலியோரம் அழுதேன். செட்டிப் பெண்மணி உள்ளே போய் ஒரு இளங்காயைச் சீவிக் கொண்டுவந்தார். "பாடான் பானாஸ் லா. காசி கெலாப்பா மூடா." உடம்பு சூடு, இளநீர் கொடு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கும் அதுவேதான் தோன்றியிருந்தது. ஒன்றுக்கு மஞ்சளாய்ப் போனாலும், எரிந்தாலும், சிவந்தாலும் எங்கள் வீட்டில் இளநீர்தான். அது மருந்து. குளிர்ச்சி. அதைத் தண்ணீர் என்று நாங்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. டிரசர் சொன்னது தண்ணி. ஒரு சொட்டுத் தண்ணி நான் கொடுக்கப்போவதில்லையே.

சாஸ் போத்தலைக் கழுவி அதில் ஊற்றி, பையில் துண்டுக்கு அடியில் வைத்து எடுத்துப்போனேன். தப்பில்லை என்றால் ஏன் துண்டுக்கு அடியில் வைத்தாய் என்று இன்றைக்குவரை என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். மிஸ்ஸி திரும்பிய நேரம் பார்த்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். "நாளைக்கும் கொண்டா" என்றாள். மறுநாளும் கொண்டுபோனேன். அதற்கு மறுநாளும்.

மூன்றாம் நாள் அட்டையில் இரண்டு என்று இருந்தது. வீக்கம் வயிற்றுக்கு ஏறியிருந்தது. டிரசர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெளியிலேருந்து தண்ணி கிண்ணி குடுத்தியாம்மா?"

"சாமி சத்தியமா தண்ணி குடுக்கல சார்."

என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் நான் போகும்போது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். காலையில் கை கால் இழுப்பு வந்ததாம். நாடி தப்பித் தப்பி அடிக்கிறதாம். மிஸ்ஸி என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். திரைக்கு அடியில் டாக்டரின் சப்பாத்து மட்டும் தெரிந்தது. டிரசர் ஊசித் தட்டோடு வெளியே வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், இளநி குடுத்தேன்."

"எவ்வளவு?"

"தினம் ஒரு போத்தல். சாஸ் போத்தல். மூணு நாளா."

"நேத்து கேட்டேனே, வாயத் தொறந்து கேட்டேனே!"

"நீங்க தண்ணின்னுதான் கேட்டீங்க."

"அப்ப இளநி என்னா, கல்லா?" சத்தம் போட்டவர் சட்டென்று குரலை இறக்கினார். "அதுல ஒரு உப்பு இருக்கும்மா. நல்ல உடம்புன்னா மூத்திரத்தோட போயிடும். இவளுக்கு எங்க போகும்? நெஞ்சத்தான் பிடிக்கும்."

திரைக்குள்ளே போய் இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் திரையை விலக்கி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். அவர் திரையை இழுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதோடு கட்டில் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை. நாலு நாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் மட்டும் உள்ளே போவார், வந்து எண்ணைச் சொல்வார். இரண்டு. ஒன்றரை. "எந்திரிச்சு ஏதாச்சும் சாப்பிடு" என்பார். நீதான் காரணம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபடுகிறார் என்று அவர் தாடையைப் பார்த்தாலே தெரியும்.

ஐந்தாம் நாள் காலையில் டிரசரே வராந்தாவுக்கு வந்தார். கையில் ஒரு கண்ணாடிப் போத்தல், பாதிக்குமேல் மூத்திரம். "பதினாலு அவுன்ஸ்" என்றார். "கிட்னி தெறந்துக்கிச்சு." போத்தல் இன்னும் சூடாக இருந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு அழுதேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள்.

ஆறு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். கால் குச்சியாக இருந்தது, முகம் பழைய முகம். மாதாமாதம் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். நெருப்பில் காட்டினால் குழாயில் இன்னும் லேசாக வெள்ளை படிகிறதாம். "எல்லாப் பிள்ளைக்கும் முழுசா ஆறிடும்னு சொல்லி உன்னை ஏமாத்த மாட்டேன், முக்காவாசிக்கு ஆறிடும்" என்றார் டிரசர். மீதிப் பிள்ளைகளைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்காமலே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்த அன்று ஒரு கப்பில் ஆறவைத்த தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

"குடி கண்ணு. இப்பக் குடிக்கலாம்."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அம்மா குடுக்கறதக் குடிக்கக் கூடாதுன்னு மிஸ்ஸி சொன்னாங்க."

மிஸ்ஸி சொன்னது சரிதான். சொல்லாமல் எப்படி இருப்பார்? நான் கப்பை நீட்டியபடியே நின்றேன். வீட்டுக்காரர் எழுந்துவந்து அதை என் கையிலிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தார். குடித்தாள். அடுத்த மழைக்காலம் வரை எங்கள் வீட்டில் அப்படித்தான். அவர் கிளேபாங்கிலிருந்து வரும்வரை தாகத்தோடு காத்திருப்பாள். அவர் வந்ததும் நான் ஊற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவேன்.