சித்தி எங்களோடு லாரியில் வந்த நாள்

ஆற்றங்கரையில் எங்கள் குடியிருப்பில் யாரையாவது போலீஸ் கூட்டிக்கொண்டு போனால், அந்த வீட்டுப் பெண்கள் அழுதுகொண்டே ஓடிவருவது எங்கள் வாசலுக்குத்தான். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். அந்தக் கரையில் சட்டம் படித்த ஒரே ஆள் அவள். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு, கொடியில் தொங்கும் கறுப்புக் கோட்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். அப்பா ஆட்டோவை ஸ்டார்ட் செய்வார். சைதாப்பேட்டை கோர்ட்டுக்கும் ஸ்டேஷன்களுக்கும் அவளை ஏற்றிக்கொண்டு போனதில் தன் சவாரியெல்லாம் கெட்டது என்று அவர் சதா புலம்புவார். ஆனால் வேறு ஆட்டோவில் அவளைப் போக விட்டதே இல்லை.

இன்று சித்தி சட்டமன்றத்தில் பேசுகிறாள். அவள் வருகிறாள் என்றால் மேடை போடுகிறார்கள், பெயருக்கு முன்னால் அடைமொழிகள் சேர்க்கிறார்கள். அவள் வாழ்க்கையைப் பற்றி எழுத வருகிறவர்கள், அவள் அரசியலுக்கு வந்தது எப்படி என்று என்னிடமும் கேட்பதுண்டு. வந்த கதையைச் சொல்வது சுலபம். ஒரு முறை கிட்டத்தட்ட வெளியே போன கதைதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தபோது, ஆற்றைச் சீரமைக்கப் போகிறார்கள், கரையிலிருக்கும் வீடுகளை எடுக்க வேண்டும் என்று சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊருக்கு வெளியே, சதுப்பு நிலத்தையும் தாண்டி, அடுக்குமாடியில் வீடு தருவார்களாம். அம்மா அடையாறில் இரண்டு வீடுகளில் சமையல் செய்துகொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து விடிவதற்குள் வந்து எப்படிக் காப்பி போட்டுக் கொடுப்பது என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

சித்தி ஹைகோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கினாள். ஸ்டே என்றால் என்னவென்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஜெயித்துவிட்டோம் என்று மட்டும் புரிந்தது. மேளம் வந்தது, வெடி வெடித்தார்கள். விடிகாலையில் ஊரூர் குப்பத்துக்குப் போய் மீன் எடுத்துவந்து தெருத்தெருவாக விற்கும் கன்னியம்மா, அன்று வியாபாரத்தை விட்டுவிட்டு ஒரு ரோஜா மாலையோடு வந்தாள். மாலையில் மீன் வாசனை அடித்தது. சித்தி ஒவ்வொருவரையும் பிடித்து, இது தற்காலிகம்தான், வழக்கு இன்னும் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

அடுத்து மாநகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பெரிய கட்சி ஒன்றின் வட்டச் செயலாளர் சால்வையோடு வந்தார். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. அவர் தண்ணீர் டிரம்மின் மூடி மேல் வெகு பக்குவமாக உட்கார்ந்துகொண்டு, சித்தி மட்டும் நின்று ஜெயித்துவிட்டால் இந்தக் குடியிருப்பை ஒருவனும் தொட முடியாது என்றார். அவர் போகும்வரை அப்பா வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்தார்.

"கோர்ட்டுல நிக்கிற வரிக்கும் நீ நம்ம வக்கீலு. அங்க போய்ட்டா அவங்க வக்கீலு."

"ஸ்டே எத்தினி நாளைக்கு மாமா தாங்கும்?" என்றாள் சித்தி. "நாளைக்கு அத்த எடுத்துட்டாங்கன்னா, முடிவு பண்ற ரூமுல நம்மாளு ஒருத்தி ஒக்காந்துகினு இருக்க வாணாமா?"

பிரச்சாரத்துக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வார்டு முழுக்கச் சுற்றியது அப்பாவின் ஆட்டோதான்.

சித்தி ஜெயித்தாள். அதன் பலனை முழுதாக அனுபவித்தது நான்தான். பள்ளிக்கூடத்தில் என்னை முதல் பெஞ்சுக்கு மாற்றினார்கள். டீச்சர் என் கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டே, தன் தெருவில் லைட் எரியாததைப் பற்றி என்னிடம் விரிவாக எடுத்துச் சொன்னார். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, பார்க்கலாம் என்றேன். சித்தியிடம் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். லைட் என்னவோ எரிந்தது.

மறு வருஷம் ஸ்டேயை நீக்கிவிட்டார்கள். சித்தி ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினாள். அவளுடைய கட்சிதான் அதிகாரத்தில் இருந்தது. ஆகவே எல்லோரும் அவளை உட்கார வைத்து டீ கொடுத்து, மிகுந்த மரியாதையோடு முடியாது என்றார்கள். கடைசியில் ஒரு நாள், கட்சிக் கூட்டத்துக்காகத் திருச்சிக்குப் போகச் சொன்னார்கள். அன்று ஏன் அவளை ஊரில் இருக்க வேண்டாம் என்றார்கள் என்பது அவளுக்கு எழும்பூர் ஸ்டேஷனில், குடியிருப்பிலிருந்து போன் வந்தபோதுதான் விளங்கியது. அவள் பையோடு திரும்பி வந்தபோது, எங்கள் சந்து முனையில் ஜேசிபி வந்து நின்றிருந்தது. பின்னால் வரிசையாகக் காலி லாரிகள்.

சித்தி ஜேசிபிக்கு முன்னால் படுத்துக்கொள்வாள் என்று என் கூட்டாளிகளிடம் உறுதியாகச் சொல்லியிருந்தேன். டிவிக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கேமராவைத் தயாராக வைத்திருந்தார்கள். சித்தி படுக்கவில்லை. அதிகாரிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். கோர்ட்டில் பேசுகிற அந்தத் தமிழில் பேசினாள். பேசினாள், போனில் யாரையோ கூப்பிட்டாள், மறுபடி பேசினாள். வெயில் ஏறியது. அதிகாரி ஒரு முறை எழுந்து போய்விட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார். டிவிக்காரர்கள் அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டார்கள்.

கடைசியில் அவள் ஒரு காய்கறிப் பெட்டியின் மேல் ஏறி நின்றாள். பிள்ளைகளின் முழுப்பரிட்சை முடியும்வரை யாரும் கை வைக்க மாட்டார்கள், இங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அங்கேயும் ஒரே பிளாக்கில் வீடு, நடக்க முடியாதவர்களுக்குக் கீழ்த்தளம், இவ்வளவுதான் வாங்க முடிந்தது என்றாள். பரிட்சை முடிந்ததும் போகத்தான் வேண்டும் என்றாள்.

மாலை போட்ட அதே கன்னியம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஓட்டு கேட்டுகினு வந்தியே, அன்னிக்கு இன்னா சொன்ன?"

"தடுத்துருவேன்னு சொன்னேன்கா," என்றாள் சித்தி. "என்னால முடியல."

கன்னியம்மா அவள் காலடியில் காறித் துப்பினாள். சித்தி பெட்டியிலிருந்து இறங்கவில்லை. இன்னும் கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும் என்பதுபோல அங்கேயே நின்றாள்.

அன்றிலிருந்து அம்மா சித்தியிடம் பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு நகர்த்தி வைப்பாள், அவ்வளவுதான். எனக்கும் கோபம். கூட்டாளிகள் முன்னால் மானம் போயிற்றே. ஏன் படுக்கவில்லை என்று நேராகவே கேட்டேன்.

"படுத்திருந்தா பேப்பர்ல என் போட்டோ வந்துருக்கும்," என்றாள் சித்தி. "வூடு அன்னிக்கே போயிருக்கும். நீ பரிட்ச எழுதியிருக்க மாட்ட."

இதில் சமாதானமாக எனக்கு ஒன்றும் தென்படவில்லை. பரிட்சை எழுதாமல் இருப்பதில் என்ன கஷ்டம் என்றுதான் தோன்றியது.

பரிட்சை முடிந்தது. லாரிகள் வருவதற்கு முதல் நாள் வட்டச் செயலாளர் வந்தார். கட்சி சித்திக்கு அடையாறிலேயே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தது. கவுன்சிலர் வார்டில்தான் இருக்க வேண்டும், இந்த ஜனங்களோடு அவளும் மூட்டை கட்டிக்கொண்டு போனால் கட்சியை ஊரறியக் குற்றம் சொன்னது போலாகும், அப்புறம் அடுத்த தேர்தலைப் பற்றி அவள் நினைக்கவே வேண்டாம் என்று அவர் அன்பாகவே சொன்னார். சித்தி யோசிப்பதாகச் சொன்னாள். இதெல்லாம் பின்னால் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது வாசலில் செயலாளரின் காரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னபடியே நடந்தது. அடுத்த தேர்தலில் சித்திக்குச் சீட்டு இல்லை. அவளுக்கு ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் அந்த வார்டிலேயே இல்லை. அவள் மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டாள். புது இடத்துக்கு பஸ் விட, லிஃப்ட் ஓட, பள்ளிக்கூடம் கட்ட என்று ஒவ்வொன்றுக்கும் கோர்ட்டுக்குப் போனாள். பல வருஷம் கழித்து, அந்த ஜனங்கள்தான் அவளைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். பிரச்சாரத்தில் முன்னால் நடந்தவள் கன்னியம்மா. வழியெல்லாம் சித்தியைத் திட்டிக்கொண்டேதான் நடந்தாள்.

லாரி வந்த அன்று காலையில் அம்மா துணிகளை மூட்டை கட்டினாள். சித்தியின் புடவைகளை மடித்துத் தனியே ஓரமாக வைத்தாள். சித்தி உள்ளே வந்து அவற்றைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அப்படியே அள்ளி எங்கள் மூட்டைக்குள் திணித்தாள். அம்மா நிமிர்ந்து பார்க்காமல், மூட்டையை முழங்காலால் அமுக்கி முடிச்சுப் போட்டாள்.

அம்மா அடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் ஆட்டோவில் முன்னால் போனாள். நானும் சித்தியும் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். சித்தியின் மடியில் டிவி. அது விழாமல் இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்திருந்தாள். எனக்கு லாரியில் உயரமாக உட்கார்ந்திருப்பதே பெரிய சந்தோஷம். கைகாட்ட யாராவது கிடைப்பார்களா என்று பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அவளுடைய போன் அடித்தது. கை எடுக்க முடியாததால், என்னை எடுத்துப் பேசச் சொன்னாள். வட்டச் செயலாளரின் குரல். கவுன்சிலர் எங்கே, அடையாறு வீட்டில் சாவியோடு ஆள் காத்திருக்கிறானே என்று கேட்டார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"கவுன்சிலர் எங்க கூட வந்துட்டாங்க."

அவர் போனை வைத்துவிட்டார்.

என்ன சொன்னாய் என்று சித்தி கேட்டாள். சொன்னதை அப்படியே மறுபடி சொன்னேன். அவள் சிரித்தாள். மடியிலிருந்த டிவி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் டிவியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு வெகு நேரம் நிமிரவில்லை. டிரைவர் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்தார்.

எனக்குப் போனில் பேசத் தெரியவில்லை என்றுதான் சிரிக்கிறாள் என நினைத்தேன். அடுத்த முறை இன்னும் ஒழுங்காகப் பேசிவிட வேண்டும் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். போய்ச் சேரும்வரை அது அடிக்கவே இல்லை.