மேட்ரன் நீட்டிய கை

என் வீட்டு அடுப்படியில் ஒரு பழைய அலுமினியப் பானை இருக்கிறது. வெளியே கரியும் நசுங்கலும். உள்ளே மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியதுபோலப் பளபளக்கும். பங்குக் கோயில் பெண்கள் வீட்டுக்கு வந்தால் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன போட்டுத் தேய்ச்சனீங்கள்?" என்று கேட்பார்கள். கம்பி நார் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன். அந்தப் பளபளப்பு என்னுடைய பதினொரு நாள் உழைப்பு. நான் செய்த வேலைகளில் இவ்வளவு வெட்கப்படுகிற வேலை வேறு இல்லை.

பானை மேட்ரனுடையது. தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்தில் பிறந்த சூலு இனப் பெண்மணி. அங்கே மருத்துவமனையில் மேட்ரனாக, தாதிகளுக்கெல்லாம் தலைவியாக இருந்தவர். மொன்றியலுக்கு வந்த பிறகு சாதாரணத் தாதியாகத்தான் வேலை கொடுத்தார்கள், ஆனால் பட்டத்தை அவர் கழற்றி வைக்கவில்லை. நகரின் மறுகோடியில், இல்-பிசாரில் மகளின் வீட்டில் இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள நான் செயின்ட்-மிஷேலில் இருந்து மெற்றோவும் இரண்டு பஸ்ஸும் மாறிப் போவேன். முதல் வருடம் அவருக்கு நினைவு நன்றாகவே இருந்தது. நான் விரித்த படுக்கையின் மூலையைத் தடியால் தூக்கிப் பார்ப்பார். எல்லாம் முடிந்தது மேட்ரன் என்று நான் சொன்னால், "முடிந்ததா இல்லையா என்று நோயாளி சொல்லட்டும், நீ சொல்லாதே" என்பார். ஒரு சின்னச் சிரிப்புக்கூட இருக்காது. மனதுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டே மூலையைத் திரும்ப மடிப்பேன்.

மூன்றாவது குளிர்காலத்தில் மறதி அவரை முழுதாக எடுத்துக்கொண்டது. முதலில் ஆங்கிலம் போனது, பிறகு பேச்சே போனது. பெப்ரவரியில் சாப்பாட்டை நிறுத்தினார். சூப், கஸ்டர்ட், மசித்த வாழைப்பழம் எதற்கும் உதடு திறக்கவில்லை. நல்ல நினைவோடு இருந்த காலத்திலேயே, வயிற்றில் குழாய் வைக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிற தாதி குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டினாள்: கூழாக்கிய உணவு மட்டும். வாசலில் சப்பாத்தைப் போட்டபடி, சாப்பிடாவிட்டால் சில வாரம்தான் என்று என் காதோடு சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை செய்தாள். இங்கே பிறந்தவள். "அம்மாவின் ஊர்ச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்ப்போமா?" என்று கேட்டேன். "எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு எப்போதும் ஸ்பகெட்டிதான் செய்து தந்தார்" என்று சொல்லிவிட்டு அடுப்படியிலேயே நின்று அழுதாள். பிறகு நிலவறையில் கிடந்த இந்தப் பானையைத் தேடி எடுத்தாள். இணையத்தில் செய்முறை பார்த்தாள். எங்கள் தெருவில் ஆப்பிரிக்கக் கடை வைத்திருப்பவரிடம் நான் வெள்ளைச் சோள மா வாங்கினேன்.

அந்தச் சாப்பாட்டைப் புத்து என்பார்கள். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் மாவைக் குவித்துப் போட்டு, முள்ளுக்கரண்டியால் கிளறி உதிர்த்து, மூடி, சிறு தீயில் நெடுநேரம் விடவேண்டும். உதிர் உதிராக, நம் புட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி வரும். புளித்த பாலை ஊற்றிச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். நான் அதில் குழையக் குழையப் பிசைந்து கரண்டியில் எடுத்துப் போனேன். முதல் நாள் மூக்கு அசைந்தது. வாய் திறக்கவில்லை.

பானை ஒவ்வொரு நாளும் அடிப்பிடித்தது. எங்கள் வீட்டில் அது பெரிய மானக்கேடு. சோறு அடிப்பிடித்தால் "அடுப்பில வைச்சிட்டு எங்க வாய் பாத்துக்கொண்டு நிண்டனீ?" என்று அம்மா கேட்பார், ஆட்கள் வருமுன் சுரண்டிக் கொட்டிவிட வேண்டும். நானும் அப்படியே செய்தேன். மகளின் கண்ணில் படாமல் சுரண்டி, குப்பையில் போட்டுக் காகிதத்தால் மூடி, கம்பி நாரால் தேய்த்துக் கவிழ்த்தேன்.

நான் சுரண்டும்போதெல்லாம் மேட்ரன் தலையைத் திருப்புவார். அடுப்படிக் கதவுக்கு நேரேதான் அவர் நாற்காலி. இடது கையை மடியில் இருந்து எடுத்து, உள்ளங்கை மேலே தெரிய நீட்டுவார். பாவம், ஆறுதலுக்குக் கை தேடுகிறார் என்று நினைத்து, ஓடிப்போய் என் ஈரக் கையை அதில் வைப்பேன். அவர் உதறிவிட்டுத் திரும்ப நீட்டுவார். சத்தம் தொந்தரவு செய்கிறதாக்கும் என்று ஐந்தாம் நாளில் இருந்து கதவைச் சாத்திக்கொண்டு சுரண்டினேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்!

அந்த நாட்களில் நான் இருந்த இருப்பைச் சொல்லத் தெரியவில்லை. மோதிரம் அவர் விரலில் நிற்கவில்லை. ஒரு கையால் தூக்கிவிடலாம் போலிருந்தார். பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை, மாதாவே ஒரு கரண்டி, ஒரே ஒரு கரண்டி என்று கேட்டுக்கொண்டே போவேன்.

பதினோராம் நாள் மேட்ரனின் தங்கை டர்பனில் இருந்து காணொளியில் வந்தார். மகள் கைபேசியைத் தாயின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். கதவு திறந்திருந்ததை மறந்து நான் சுரண்டத் தொடங்கினேன். தங்கை பேச்சை நிறுத்தி, "அது என்ன சத்தம்?" என்றார். மகள் கைபேசியை என் பக்கம் திருப்பினாள். பானையும் குப்பைத்தொட்டியும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

"அதையா கொட்டுகிறாய்?" என்றார். "அது இசிகோகோ. அடியில் பிடிக்கிற பொருக்கு. அதற்காகத்தான் நாங்கள் பானையைச் சுற்றிச் சண்டை போடுவோம். அக்கா கையை நீட்டினால் எங்களில் ஒருவருக்கும் கிடைக்காது."

நான் திரும்பிப் பார்த்தேன். மேட்ரனின் உள்ளங்கை நீண்டிருந்தது.

பானையில் பாதி மிஞ்சியிருந்தது. மெல்லிய, பொன்னிறமான தகடு. பெட்டியில் ஒட்டிய தாளைப் பார்த்தேன். புரையேறினால் என் வேலை மட்டுமா போகும்? மகள் "கொடுங்கள்" என்றாள். நகமளவு உடைத்து அந்தக் கையில் வைத்தேன். மூன்று வாரமாகக் கரண்டி பிடிக்காத விரல்கள் மூடின. தானாகவே மூக்குக்குக் கொண்டுபோனார், பிறகு வாய்க்கு. நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இருமல் வருமா என்று நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வரவில்லை. கை திரும்ப நீண்டது. ஐந்து துண்டு சாப்பிட்டார்.

மறுநாள் வேண்டுமென்றே பானை முழுவதும் அடிப்பிடிக்க விட்டேன். கை நீண்டது, வாயும் திறந்தது, ஆனால் தொண்டை மூடிவிட்டது. நாக்கில் கிடந்த பொருக்கை நானே விரலால் எடுத்தேன். அதிலிருந்து நான்காம் நாள் காலையில் போய்விட்டார். முதல் நாளே கொடுத்திருந்தாலும் ஒன்றும் மாறியிராது என்று தாதி சொன்னாள், மகளும் சொன்னாள். நல்ல மனிதர்கள், அப்படித்தான் சொல்வார்கள். நோயாளி சொல்லட்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர், பத்து நாளும் சொன்னார். எனக்குத்தான் கேட்கவில்லை. பானையை மகள் என்னிடமே தந்துவிட்டாள்.

போன கிழமை அதில் புத்து வைத்தேன். அடி நன்றாகப் பிடித்த வாசம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கீழே உடுப்பு எடுக்கப் போனேன். வந்து பார்த்தால் புத்து ஒரு தட்டில் இருந்தது. என் கணவர் பாத்திரம் கழுவும் தொட்டியடியில், பானை நிறையத் தண்ணீர்.

"அடிப்பிடிச்சுப் போச்சு. நீர் களைச்சுப்போய் வந்தனீர் எண்டு ஊற வைச்சனான். பேந்து நான் தேய்ச்சுத் தாறன்" என்றார்.

இந்தக் கதையை அவருக்கு நான் சொன்னதே இல்லை. அவர் கையில் இருந்த கம்பி நாரை வாங்கக் கையை நீட்டினேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அவர் நாரைக் கீழே வைத்துவிட்டு, தன் ஈரக் கையை என் உள்ளங்கையில் வைத்தார். பானைத் தண்ணீரில் பொருக்கு ஊறிக் கழன்று மிதந்தது. அதற்குக் கீழே பானையின் அடி பளபளத்தது.