எவுதோசியாவின் பாத்தி

பெரு நாட்டின் லீமா நகரத்துத் தெற்குக் குன்றுகளில் மழை பெய்யாது. பனிமூட்டம் வரும், கொடியில் காயும் துணியை நனைக்கும், போய்விடும். அப்படிப்பட்ட மணல்மேட்டில், உயரழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே வீடு கட்டக் கூடாது என்று சும்மா கிடந்த இடத்தில்தான் எங்கள் குடியிருப்பின் தோட்டம் இருக்கிறது. வாசலில் ‘பசுமைக் குடியிருப்பு’ என்று ஒரு பலகை. அதில் லெட்டூஸ் கீரைக் கட்டை அணைத்துக்கொண்டு சிரிப்பவள் எவுதோசியா. அவள் சிரித்து நான் பார்த்தது அந்தப் படத்தில் மட்டும்தான்.

எனக்கு அவளைப் பிடிக்காது. தோட்ட வாசலுக்கு எதிரில் என் மளிகைக்கடை. முட்டை வாங்க வந்தால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே மண் வந்தது அவளால். அவளும் புருஷன் ஃபோர்த்துனாத்தோவும் வீடு வீடாய்க் காய்கறித் தோல் கேட்டு வாங்கி, கறிக்காக வீடுகளில் வளர்க்கும் கினிப்பன்றிகளின் கூண்டுப் புழுக்கையோடு மக்கவைத்து, மூட்டை மூட்டையாய்ச் சுமந்து மணல்மேல் கொட்டினார்கள். பைத்தியம் என்று நானே சொல்லியிருக்கிறேன். மறு வருஷம் பீன்ஸ் காய்த்தது. பிறகு ஆளாளுக்கு மண் சுமந்தார்கள்.

பாத்தி பிரித்தபோது சட்டம் போட்டவளும் அவளே. ஞாயிறு காலையிலிருந்து மதியம்வரை கூட்டுவேலை. தொடர்ந்து மூன்று ஞாயிறு வராதவர்களின் பாத்தி, வரிசையில் நிற்கும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பதில் ஆள் அனுப்பக் கூடாது. மலையூர்களிலிருந்து வந்த எங்கள் ஜனத்துக்குக் கூட்டுவேலை என்றால் சத்தியம் மாதிரி. யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அந்தச் சட்டத்தால் முதலில் அடி வாங்கியவள் நியெவெஸ். அவள் மகளுக்கு எவுதோசியாதான் ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பிள்ளைக்கே நிமோனியா வந்து, நியெவெஸ் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த மாதம் அது.

“பிள்ளைக்கு மூச்சு விட முடியல, கொமாத்ரே. நீங்களே வந்து பாத்தீங்கல்ல?”

“பாத்தேன். சூப்பும் வச்சுக் கொண்டாந்தேன். பாத்தி வேற விஷயம். சாக்கு இல்லாத வீடு எது? ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் இழுத்துப் போத்திப் படுத்துக்குவாங்க.”

பாத்தி அடுத்த வீட்டுக்குப் போனது. நியெவெஸ் திரும்ப வரிசையில் நின்று வேறொரு பாத்தி வாங்கினாள். அதன்பின் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. போன வருஷம் அவளையே தோட்டத்துக்குத் தலைவியாக்கினார்கள். வன்மம் இருப்பவர்கள் வேலையும் நன்றாகத்தான் செய்கிறார்கள்.

அப்புறம் ஃபோர்த்துனாத்தோவுக்குப் பக்கவாதம் வந்தது. முதல் வாரங்களில் அவருக்கு நாள் கிழமையே தெரியவில்லை. புரட்டிப் படுக்கவைக்க, ஊட்ட, துடைக்க எவுதோசியா ஒருத்திதான். மூன்று ஞாயிறு போயிற்று. நியெவெஸிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பாளா அவள்? மனசு பொறுக்காமல் நான்தான் கேட்டேன்.

“வீட்டுல ஆம்பள படுத்த படுக்கையா கெடக்காரு. கொஞ்சம் பாத்து விடும்மா.”

“சாக்கு இல்லாத வீடு எது, கடைக்காரம்மா?” என்றாள் நியெவெஸ்.

பாத்தியை எடுக்கலாம் என்பவர்களைத் தோட்டக் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னார்கள். எவுதோசியாவிடம் ஏச்சு வாங்காத வீடு இங்கே கிடையாது. கைகள் தாராளமாய் எழுந்தன. பாத்தி ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் போனது.

அடுத்த ஞாயிறு, புருஷன் கண்ணயர்ந்த நேரம் பார்த்து எவுதோசியா வந்தாள். தோளில் மண்வெட்டி, கையில் காலிச் சாக்குகள்.

“பாத்தி உங்களோடது. எடுத்துக்கங்க. மண்ணு என்னோடது.”

வெட்டி வெட்டிச் சாக்கில் போட்டாள். அடியில் பழைய மணல் தெரிந்தது. யாரும் தடுக்கவில்லை. தடுக்க எந்த முகத்தோடு போவது?

நியெவெஸ் மட்டும் கிட்டே போனாள். குரலை உயர்த்தவில்லை.

“நீங்க பிடுங்கினப்ப நான் என் மண்ண விட்டுட்டுத்தான் போனேன், கொமாத்ரே. அதுவும் இந்தத் தலையில சுமந்ததுதான்.”

எவுதோசியாவின் கை நின்றது. சாக்கைக் கவிழ்த்தாள். மண்ணைப் பழையபடி பரப்பி, ஓரத்தை உள்ளங்கையால் தட்டிச் சரிசெய்தாள். அப்புறம் படியேறிப் போனவள் தோட்டப் பக்கம் திரும்பவே இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இன்னமும் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

போன சனிக்கிழமை கொஞ்சம் அரிசியும் சீனியும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சந்தையில் வாங்கிய வாடல் பீன்ஸை வேகவைத்து, கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து ஃபோர்த்துனாத்தோ கோணிய வாயால் கேட்டார்.

“நம்ம பாத்தியில பறிச்சதா?”

“ஆமா. இன்னும் பூ வச்சிருக்கு.”

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. என்னையே பாத்துக்கிட்டு இருக்காத. கூட்டுவேலைக்குப் போயிரு. இல்லன்னா பாத்திய எடுத்துருவாங்க.”

“யாரு எடுப்பா? சட்டம் போட்டதே நான்தான?” என்று சொல்லி, எவுதோசியா அடுத்த வாயை ஊட்டினாள்.